மூன்று கட்டம்

நாலாம் பக்கத்தில் வருவேன்.
மூன்று கட்டம், அவ்வளவுதான் நான்.
முதல் கட்டத்தில் கை.
அடுத்ததில் பை.
மூன்றாவதில் முதுகு, ஓடுகிற முதுகு.
ஒரே ஒரு சொல் பேசுவேன்: "விடுடா!"
அதையும் நான் சொன்னதில்லை.
பெயர் கிடையாது. சந்தனசாமி என்று எழுத
அங்கே இடம் போதாது.
ஐந்தாம் பக்கம் முழுக்க ஒரு லோரி.

இருபத்தாறு வருடமாக அந்தப் பையன்
மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
கோலாலம்பூர்க் கூரைகளில் தாவுகிறான்.
மழைக்கோட்டான்.
மழை ராத்திரியில் மட்டும்தான் வருவானாம்.
இந்த ஊரில் அதற்கென்ன பஞ்சம்.

சில வருடத்துக்கொரு தடவை
கதையை முதலிலிருந்து சொல்வார்கள்.
அப்போதெல்லாம் என்னைப் புதிதாகப் பெற்றெடுப்பார்கள்.
ஒரு பதிப்பில் மீசை வைத்தார்கள். ஒன்றில் தங்கப்பல்.
வண்ணத்துக்கு மாறியபோது கன்னத்தில் வெட்டு, கையில் பாராங்.
போன வருடம் ஆறடிக்கு வளர்ந்துவிட்டேன்,
கண்ணில் கருமணியே இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது.
ஐந்தடி நாலங்குலம்.
செந்தூல் அடகுக்கடை அஞ்சடி. லேசான தூறல்.
ஜப்பான் சிலிப்பரில் வலது பட்டை அறுந்துபோய்
ஒற்றைச் செருப்போடு ஓடினேன்.
பையில் முப்பத்திரண்டு வெள்ளி,
ஒரு அடகுச் சீட்டு,
பாதி கடித்த பாவ்.
பாவை ஆற்றங்கரையில் உட்கார்ந்து தின்றேன்.
அதை யாரும் வரைந்ததில்லை.

லோரியும் கிடையாது.

அந்த மனுஷன் துரத்தினது உண்மை.
கால்வாய் மூடி ஒன்று உடைந்து கிடந்தது,
இடுப்பு வரைக்கும் உள்ளே போனான்.
என் அம்மாவை அவன் ஏசிய ஏச்சு
தண்டவாளம் தாண்டியும் கேட்டது.
சாகிறவனுக்கு அவ்வளவு மூச்சு இருக்காது.

மூன்று வருடம் கழித்து,
புடுவிலிருந்து வெளியே வந்து
சிரம்பான் பஸ் நிலையத்தில் பசியாறிக்கொண்டிருந்தேன்.
எதிர் மேசைக்கு ஒருவன் நொண்டி நொண்டி வந்தான்.
வலது முட்டி மடங்கவில்லை.
என் கைவேலை, எனக்குத் தெரியாதா?
கூட ஒரு பெண். அவள் இடுப்பில் கைக்குழந்தை.
குழந்தை எட்டி அவன் சட்டைப்பைப் பேனாவைப் பிடுங்கியது.
அவன் சிரித்தான். ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற சிரிப்பு.
என்னிடம் நெருப்பு கேட்டான், கொடுத்தேன்.
"எந்த ஊரு?" என்றேன்.
"இதேதான்" என்றான்.

முன்னுரையில் ஓவியன் எழுதியிருக்கிறான்:
ஏழு வயதில், செந்தூலில், ஒரு மழை ராத்திரியில்
அப்பாவை இழந்தேன்.

பொய் என்று சொல்ல முடியாது.

இன்று நான் துடைக்கிற பேரங்காடித் தரையில்
அவன் கையெழுத்துக்கு வரிசை நிற்கிறது.
மஞ்சள் கோட்டுப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள்,
கோட்டு போட்ட கிழவர் ஒருவர்கூட.
மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நானும் நின்றேன்.

தம்பி, நான் எடுத்தது முப்பத்திரண்டு வெள்ளி.
ஆளை நான் எடுக்கவில்லை.
வாயில் இதுதான் இருந்தது, வரிசை நகர நகர.
சொன்னால் என்ன ஆகும்?
லோரி பின்னாலேயே போய்விடும்.
அப்பா எழுந்து, சேற்றை உதறி,
நொண்டிக்கொண்டே சிரம்பான் பஸ்ஸில் ஏறிவிடுவார்.
கூரைமேல் நிற்பவன்
எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் நனைவான்.
அதற்கு நான் கொன்றவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

"பேரு?" என்றான், நிமிராமல்.
தலையில் நரை. நாற்பத்தெட்டு இருக்கும்.
நாலாம் பக்கத்தை விரித்து வைத்தேன்.
"பேரு வேணாம். இங்க போடுங்க."
"திருடன் மேலயா?"
சிரித்தான்.
ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

"மழை நல்லா வந்திருக்கு தம்பி" என்றேன்,
வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.
"அன்னிக்கு அப்படி ஒரு மழை, அண்ணே."
"ஆமா" என்றேன். "கொட்டிச்சு."