என் எண்ணில் நாலு பேர்

எங்கள் தெருவில் அப்போது
சார்ஜ் நிற்கிற போன் என்னுடையது ஒன்றுதான்.
ஓர் எண்ணுக்கு நாலு பேர் எழுதலாம் என்றார்கள்.
எழுதினோம்:
நான், தைலம்மை,
என்னோடு கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் பக்கிரிசாமி,
அவன் பெண்சாதி அஞ்சலை.

ஆனி இருபது.
மேட்டூர்த் தண்ணீர் கோரையாற்றில் இறங்கி
எங்கள் வாய்க்காலுக்கு வந்து மூன்று நாள்.
நர்ஸ் ஜெசிந்தா நீலப்பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடி
முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினாள்.
நடவு ஆட்களில் பாதிப்பேர் வரப்பேறினார்கள்.
மீதிப்பேருக்கு அடுத்த வயலில்
திடீரென்று வேலை வந்துவிட்டது.
சேற்றைத் துடைக்க ஒரு பஞ்சு,
ஸ்பிரிட் தடவ ஒரு பஞ்சு.
பிறகு பஞ்சு தீரப்போகிறது என்று
வாய்க்காலிலேயே கழுவிவிட்டு வரச்சொன்னாள்.

எந்தக் கை?
இடது தோளில் மூட்டை, வலது கையில் கொக்கி.
நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
நாற்பது கிலோவுக்குக் காய்ச்சல், கைவலி எதுவும் தெரியாது.
"காதுல போடுங்களேன் தாயி,
அதுக்குத்தான் வேலை வெட்டி கெடையாது"
என்றான் பக்கிரிசாமி.
அவன் சிரித்து முடிப்பதற்குள் போட்டுவிட்டாள்.

அன்றிரவு எனக்குக் குளிர்.
தைலம்மையால் தலை பின்ன முடியவில்லை.
அஞ்சலைக்கு ஒன்றுமே செய்யவில்லை,
"எனக்கு மட்டும் தண்ணிய ஏத்திட்டியா" என்று
மறுநாள் சண்டைக்குப் போனாள்.
பக்கிரிசாமி மூன்று நாள் குடிக்காமல் இருந்தான்.
அதற்காகவாவது மாதம் ஒன்று போடலாம்
என்று தெருவே பேசிக்கொண்டது.

ஆவணி இருபத்தேழு, ராத்தண்ணீர் கட்டப் போனவன்
காலடியில் விரியன் கிடந்தது.
நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.
கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக நெல்.
எங்கள் தோளிலிருந்து இறங்கிய மூட்டைகளாகவும் இருக்கலாம்.
நான் எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

எல்லாம் அந்த ஊசிதான் என்றார்கள் எழவுக்கு வந்தவர்கள்.
ஒப்பாரியை நிறுத்தினாள் அஞ்சலை.
"கணுக்கால்ல ரெண்டு தடம், நான் பாத்தேன்.
ஊசி ஒரு ஓட்டைதான் போடும்."
விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுதாள்.

புரட்டாசி பத்து, ஞாயிற்றுக்கிழமை,
பள்ளிக்கூடத்தில் பெரிய முகாம்.
வெளியே மழையில் நனைந்த நெல் ஈரப்பதம் குறையக் காத்திருந்தது,
உள்ளே நாங்கள் டோக்கனோடு.
கருமாதிக்கு இரண்டு நாள் இருக்கையில்
வெளியே வரலாமா என்று யாரோ முணுமுணுக்க
அஞ்சலை கேட்காதவள்போல் ஜாக்கெட் கையை மேலேற்றினாள்.

பொழுது சாய என் போன் கத்தியது.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதும்.
பக்கிரிசாமி இரண்டாம் தவணையை
வெற்றிகரமாகச் செலுத்திக்கொண்டாராம்.

ஜெசிந்தாவிடம் கேட்டேன்.
பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினாள்.
"மேலேருந்து கணக்குக் கேக்குறாங்கண்ணே."
அவள் சேலைக்கரையில் எங்கள் வாய்க்கால் சேறு
அன்றுமிருந்தது. எனக்கு மேற்கொண்டு பேச வரவில்லை.

அஞ்சலைதான் அதை அச்செடுத்துத் தரச்சொன்னாள்.
பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில் இருபது ரூபாய்.
இறப்புச் சான்றிதழ் ஒரு கையில், இது ஒரு கையில்.
எழுத்துக்கூட்டித் தேதியைப் படித்தாள், விரல் விட்டாள்.
"பதினாலு நாள் கூட இருந்திருக்காரு."
மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள்.
அதைத் திருத்த மனு எழுதலாம் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வருஷம்
மூன்றாவதற்கு நேரமாயிற்று என்று செய்தி வந்தபோது
நான் லாரிப் பலகையில் பாதி ஏறியிருந்தேன்.
தோளில் மூட்டை.
சட்டைப்பையில் நாலு தடவை அதிர்ந்தது.