பதினோராம் தடம்

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி நடுவில்தான் திரும்பும்.
அதுவரை காலை ஏழும் மாலை ஏழும்
ஒரே மைப்புட்டியில் நனைந்த இரண்டு விரல்கள்.
ஊரே நேரம் தெரியாமல் குழம்பும்.
எனக்குள் மட்டும் ஒரு கள்ளத் திருப்தி:
வாருங்கள்,
நான் வருஷம் முழுக்க இங்கேதான் குடியிருக்கிறேன்.

வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.
பதினோராம் தடம், பகல் முறை.
மருத்துவமனை 10.42. பாலத்தடி 10.49.
ஒரு நிமிடம் முந்திவிட்டால்கூட
நின்று கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.
யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள்,
தலைக்கு மேல் சிவப்பாக ஒரு சொல் எரிகிறது,
நிற்கிறேன்.
அவ்வளவுதான்.

வீட்டில் பொத்தான் இல்லை.

வாசலில் பனி தள்ளக் கிளம்புவேன்.
மண்வாரி தேடிக் கொட்டகைக்குள் போனால்
சைக்கிள் சங்கிலி துருவேறிக் கிடக்கும்.
அதற்கு எண்ணெய் தேடி அடுப்படிக்கு வந்தால்
அலமாரிக் கதவின் கீல் முனகும்.
கழற்றி, துடைத்து, மாட்டி,
திருப்தியில்லாமல் மறுபடி கழற்றி,
திருகாணிகளை உயரவாரியாக அடுக்கி
நிமிர்ந்தால்
மூன்று மணி நேரத்தைக் காணோம்.
பனி அப்படியே. இல்லை, இன்னும் ஒரு சாண் கூட.
காலையில் ஊற்றிய காபி
மைக்ரோவேவுக்குள் நாலாவது முறை ஆறிக்கொண்டிருக்கும்.
சாவி மறுநாள் கிடைக்கும்,
குளிர்பெட்டியில், பழுப்புப் பாற்கட்டிக்குப் பக்கத்தில்,
சில்லிட்டு.

நாற்பத்து மூன்று வயதில்
மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார்.
ஏ.டி.எச்.டி. நான்கு எழுத்து.
சோம்பேறிக்கும் நான்கு எழுத்துதான்,
திரும்பி வரும் வழியில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
பாலத்தின் நடுவில் அழுதேன்.
எதற்கு அழுகிறேன் என்பது பாதியில் விட்டுப்போக,
கீழே போன மீன்படகின் விளக்குகளை எண்ணினேன்.
பதின்மூன்று.

அட்டவணை போடுங்கள் என்றார்கள்.
போட்டேன். நாளுக்கொரு நிறம், வேலைக்கொரு கட்டம்.
அதைப் போட்டதில் போனது அந்த வாரம்.
மஞ்சள் துண்டுகள் ஒட்டினேன்:
மாத்திரை. மாவு. வியாழன் குளிர்காலச் சக்கரம்.
பத்து நாளில் அவையும் சுவராகிவிட்டன.
கைபேசி ஏழு முறை அலறியதாம்,
ஏழு முறையும் அணைத்தது என் கைதானாம்.
அந்தக் கையிடம் நான் பேசிக்கொள்வதில்லை.

ஒரு சனிக்கிழமை
என் மகள் தூவா, பத்து வயது,
நீச்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
கோட்டுக் கொக்கிகளுக்குக் கீழே
அசையாமல் நின்றாள்.
என்ன என்றேன், கையில் பாதி உரித்த வெங்காயம்.
‘பேருந்துக்கு நிற்கிறேன்.
இந்த நிறுத்தத்துக்கு 9.15. இப்போது 9.31.
ஓட்டுநர் உன்னி தாமதம்.’
சிரிக்காமல் சொன்னாள்.
அதுதான் சுருக்கென்றது.

அன்றிரவு இருவருமாக வழித்தடம் எழுதினோம்.
படுக்கை 6.30. குளியலறை 6.34.
ஜன்னலோரம், மாத்திரை, 6.45.
அடுப்படி. கொக்கிகள். வாசல்.
கொட்டகை நம் தடத்திலேயே இல்லை என்றாள்.
கீல் முனகினால்?
முனகட்டும். அது வேறு வண்டிக்கு நிற்கும் ஆள்.

மூன்று வாரம் ஓடியது.
நாலாம் வாரம் பல் மருத்துவரை மறந்தேன்,
அபராதக் கடிதம் வந்தது,
அதை எங்கே வைத்தேன் என்று கேட்காதீர்கள்.
ஆனாலும் மறுநாள் 6.30க்கு முதல் வண்டி கிளம்பியது,
காலி வண்டிதான், கிளம்பியது.

இப்போது மணி 6.52.
அடுப்படி நிறுத்தத்தில் நின்றபடி
அந்த அபராதக் கடித உறையின் பின்பக்கம்
(கிடைத்துவிட்டது, ரொட்டிப் பெட்டிக்குள்)
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
எந்தப் பட்டியலிலும் இல்லாத நிறுத்தம் இது.
வெளியே இருட்டு கொஞ்சம் நீலமாகிறது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.
கொக்கிகளுக்குக் கீழிருந்து
தூவா வாயாலேயே மணியடிக்கிறாள்.
டிங்.

ஒரே ஒரு வரி, என்கிறேன்.

டிங்.