காடி

செப்டம்பர் கடைசியில்
குதாயிசி முழுக்கத் திராட்சை மிதிக்கிறார்கள்.
எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
காசில்லாமலே வந்துவிட்டன
ஐந்தாம் மாடிக்கு, இந்தப் பொடி ஈக்கள்.

எள்ளில் பாதி.
ஓரெழுத்துப் பெயருக்கே உடம்பு போதவில்லை.
கைகளைச் சேர்த்து அடித்தால்
விரலிடுக்கில் புறப்பட்டு
என் மூக்கின் முன் வந்து நிற்கிறது,
யாரோ தனக்குக் கைதட்டியதாக நினைத்து.
கடை வைக்காமலே ஈ ஓட்டுகிறேன்.

பேரிக்காய்களை ஃப்ரிட்ஜில் அடைத்தேன்.
குப்பைக் கூடையைக் கழுவிப்
பால்கனியில் கவிழ்த்தேன்.
வெங்காயங்களுக்கடியில் ஒன்று கூழாகிக் கிடந்தது.
கண்டுபிடித்துவிட்டேன் என்று குராமிடம் காட்டினேன்.
"இதுதான். இதுதான். இதேதான்" என்றார்,
தேவைக்கு ஒருமுறை அதிகமாக.

மறுநாள் காலை அதே கூட்டம்.

நான்காம் மாடி எத்தேரி சொன்னாள்:
தம்ளரில் காடி, ஒரு சிட்டிகைச் சர்க்கரை,
சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு,
மேலே காகிதக் கூம்பு.
உள்ளே போகத் தெரியும் அதுகளுக்கு,
வெளியே வரத் தெரியாது.
ஓர் இரவில் பதினேழு.
எண்ணுவது வெட்கம்தான். எண்ணினேன்.
மற்றவை காடியைத் திரும்பியும் பார்க்கவில்லை,
வேறெங்கோ விருந்துக்கு அழைத்திருப்பதுபோல.

அன்று மாலை விளக்கைப் போடாமல்
முக்காலியில் உட்கார்ந்தேன்.
துரத்தவில்லை. பார்த்தேன்.
ஜன்னல் வெளிச்சத்திலிருந்து ஒவ்வொன்றாக
கழுவுதொட்டிக்குக் கீழே இறங்கின.
அலமாரிக் கதவில் ஒரு விரல் சந்து.
அதன் வழியே நுழைந்தன, அவசரமில்லாமல்,
வீட்டுச் சாவி வைத்திருப்பவர்கள்போல.

சோளமாவுப் பைக்குப் பின்னால்
பழைய கால்சட்டையில் சுற்றி
ஒரு மூன்று லிட்டர் ஜாடி.
உள்ளே கறுப்புத் திராட்சை
முணுமுணுத்து நுரைத்துக்கொண்டிருந்தது.
மூடியைத் தளர்த்தி வைத்திருக்கிறார் மனிதர்;
வெடித்துவிடக் கூடாதே என்று
அவ்வளவு கவனம்.

ஜூனில் டாக்டர்
இவர் ஈரலின் படத்தை மேசையில் போட்டு
ஓரிடத்தைப் பேனாவால் தட்டினார், மூன்று முறை.
வீட்டுக்கு வந்ததும்
கொம்புக் கோப்பையைத்
தானே பரணில் எறிந்தவர் இவர்.
நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

கொட்டிவிடலாம், தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது.
தூக்கினேன். கனத்தது.
மோந்து பார்த்தேன்.
நன்றாக வந்திருந்தது, அதுதான் சங்கடம்.

தையல் பெட்டியிலிருந்து மெல்லிய துணி எடுத்து
ஜாடியின் வாயில் இழுத்துச்
சிவப்பு நூலால் இரட்டை முடிச்சுப் போட்டேன்.
கால்சட்டையை முன்புபோலவே சுற்றினேன்.
ஒரு கால் உள்பக்கம் மடிந்திருந்தது,
அதையும் அப்படியே.

இரண்டு நாளில் ஈக்கள் குறைந்தன.
இன்று காலை குராம்
ரொட்டியில் பாலாடைக்கட்டியை அடுக்கிக்கொண்டே
"ஒரு ஈயையும் காணோமே, சிசானா" என்றார்
ரொட்டியிடம்.
"காடிதான்" என்றேன்.
"நல்ல காடி" என்றார்.

மேசைக்கடியில் அவர் விரலில்
ஒரு சாண் சிவப்பு நூல்,
சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக.