அபாய மதிப்பீட்டுப் படிவம்

படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
கொலைகாரனுக்கு மட்டும் வைத்தாயிற்று:
'அவன்'.
பிரயனி எழுதிய கதை ஒன்றரைப் பக்கம்.
ஒளிந்திருக்கும் ஒரு பெண், ஒரு கார் நிறுத்தக் கட்டடம்,
நெருங்கி வரும் பூட்ஸ் சத்தம்.
மூன்று நிமிடத்துக்கு இது போதும் என்றாள்.
போதாது என்று லேட்டன் ஒரு கத்தியைச் சேர்த்தான்.

ரப்பர் கத்தி. ஐந்து பவுண்டுகூட இல்லை.
அதற்கு மூன்று கடிதங்கள்:
கல்லூரிக்கு, நகராட்சிக்கு, காவல் நிலையத்துக்கு.
பதில் போட்டது காவல் நிலையம் மட்டும்:
'படமெடுக்காத நேரத்தில் கத்தியைப் பைக்குள் வைக்கவும்.
வாழ்த்துகள்.'

ஸ்டோரிபோர்டு என் தலையில்.
எனக்கு வரைய வராது. வரையத் தெரிந்த காஷாவுக்கோ
கேமராவைக் கீழே வைக்க மனமில்லை.
பதினான்கு கட்டங்களிலும் கொலைகாரன்
தொப்பி போட்ட உருளைக்கிழங்கு.
ஒன்பதாம் கட்டத்தில் அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று
அரை மணி நேரம் சண்டை.

சண்டர்லாந்தில் டிசம்பர் மாதம்
நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.
திகில் படத்துக்கு வரம் என்றோம்.
நாலரைக்கே எங்களுக்குப் பயம். அதைச் சொல்லவில்லை.

இடம் பார்க்கப் போனது ஒரு வியாழன்.
லிஃப்ட் ஓடவில்லை. (எழுது: படிக்கட்டு ஈரம், வழுக்கும்.)
மூன்றாம் தளத்தில் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.
(எழுதாதே, சரிசெய்துவிடுவார்கள்.)
ஐந்தாம் தளம் காலி.
மூலையில் மட்டும் ஒரு பழைய நீல வண்டி,
கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து.
"யாரோ விட்டுப்போனது. ஃப்ரேமுக்கு அழகு,"
காஷா விரல்களால் சட்டம் கட்டிப் பார்த்தாள்.

லேட்டன் மைக்கை நீட்டினான்.
ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கென்று ஓர் அமைதி உண்டாம்.
ஒரு நிமிடம் அதைப் பிடித்து வைக்காவிட்டால்
எடிட்டிங்கில் உட்கார்ந்து அழவேண்டுமாம்.
நின்றோம் நால்வரும்,
மூச்சைச் சில்லறையாகச் செலவழித்து.

பத்து நொடி: காற்று.
இருபது: பாலத்தில் லாரி.
முப்பத்தைந்தில் ஓர் இருமல்.
சின்ன இருமல். பால்பல் விழாத இருமல்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஐம்பதில், பெண்குரல்:
"ஷ்ஷ்."

ஆவி உள்பக்கம் படிந்திருந்தது.
காலடி கேட்டு ஒளிந்திருக்கும் ஒரு பெண்.
காலடி எங்களுடையது.

அறுபதுவரை லேட்டன் நிறுத்தவில்லை.
பிறகு சத்தமாக, தேவைக்கு மேல் சத்தமாக,
"இங்கே வெளிச்சம் பத்தாது. போகலாம்.
திரும்ப வரமாட்டோம்," என்றான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பிரயனி தனியாகப் போனாள்.
கையில் என்ன கொண்டுபோனாள் என்று சொல்லவில்லை.
சாரல் அடித்த தரையில்
வண்டி நின்ற இடம் மட்டும் காய்ந்திருந்ததாம்.

அந்த ஒரு நிமிடம் லேட்டனின் மடிக்கணினியில் இருக்கிறது.
"நாம் எடுக்கப்போகும் எதையும்விட அது நல்லா இருக்கு,"
என்றாள் காஷா ஒருநாள், கேண்டீனில்.
உண்மைதான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அவளும் மறுபடி கேட்கவில்லை.

படிவத்தில் நான்காவது கேள்வி:
யாருக்கு அபாயம் நேரலாம்?
'நடிகர், குழுவினர்' என்று எழுதியிருந்தேன்.
அடித்தேன். மேலே எழுத ஓடவில்லை.
ஹெப்வொர்த் டீச்சர் பச்சை மையில் குறித்திருந்தார்:
'இடமாற்றத்துக்குக் காரணம் இல்லை.
திட்டமிடல் சுமார்.'

சனிக்கிழமை காலை எட்டு, லேட்டன் வீட்டு கராஜ்.
கனமான காலுறை, சாப்பாடு அவரவர் கொண்டுவரவும்.
ஃப்ரீஸரை அணைக்க அவன் அம்மா சம்மதிக்கவில்லை;
உறுமிக்கொண்டேதான் இருக்கும்.
பிரயனி கத்தியை வெட்டிவிட்டாள்.
பூட்ஸை இன்னும் வெட்டவில்லை.