வடக்கே தலை

கொக்குவிலில் கரண்ட் போனது நாலே முக்காலுக்கு.
ஜெனரேற்றர் பிடிக்கப் பதினொரு விநாடி.
அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.
முப்பத்தேழு பாகைச் சூட்டில், ஒரு சின்னக் கிண்ணத்தில்
ஐந்தரை நாள் வயதில் ஆறு சுண்டெலி முளையங்கள்.

எள்ளைப் பத்தாகக் கிள்ளினால் ஒரு துண்டு,
அதற்குமேல் இல்லை.
கண்ணாடிக் குழலால் உறிஞ்சும்போது
யூலியற் மூச்சு விடமாட்டாள், என்னையும் விடவிடமாட்டாள்.
நுணுக்குக்காட்டியில் அது
தையற்காரர் விரலில் மாட்டும் உறை போல.
எப்படித் திருப்பினாலும் ஒரே பக்கம்.
முன்னில்லை, பின்னில்லை,
முகம் வைக்க ஓரிடம் இன்னும் இல்லை.

அடிநுனியில் மட்டும் கொஞ்சக் கலங்கள்
தடித்து, நிமிர்ந்து,
புறப்படத் தீர்மானித்த ஆட்கள் மாதிரி.
புறப்படுகின்றன.
ஒரு பக்கமாக.
ஏன் அந்தப் பக்கம்?
கருப்பை நெருக்கியது என்பார் ஒருவர்,
முன்பே ஒரு சாய்வு இருந்தது என்பார் மற்றவர்,
கட்டுரைகளில் இன்னும் வழக்கு முடியவில்லை.
கலங்கள் தீர்ப்புக்குக் காத்து நிற்பதில்லை.
கையை நீட்டி, ஊன்றி, உடம்பை இழுத்து,
காங்கேசன்துறை பஸ்ஸில் ஏறும் சனம்போல்
அயலாருக்கிடையில் இடம் பண்ணி
நாலைந்து மணித்தியாலம் ஊர்ந்து
ஓர் எல்லையில் நிற்கின்றன.

நெடுநாளாய் நான் பிழையாக நினைத்திருந்தேன்,
அவை அங்கே போய்த்
தலையே வா என்று கூப்பிடும் என்று.
இல்லை.
விட்டால் எல்லாமே வாலாகிவிடும்.
வாலாகு என்ற கட்டளை
மார்கழிக் கிணறாய் எங்கும் ஊறிக்கொண்டிருக்கிறது.
இவை செய்வது ஒன்றுதான்:
இங்கே வேண்டாம்.
சுரந்து சுரந்து அதையே சொல்கின்றன.
இங்கே வேண்டாம்.
அப்படி மறித்து வைத்த துண்டு நிலத்தில்தான்
நெற்றி வரும், கண் வரும்,
இந்த ஊரை இந்த ஊரென்று அறியும் மூளை வரும்.
எதிர்ப்பக்கம், மறிப்பு எட்டாத இடத்தில்
ஒரு கோடு விழும். அதற்குள் இறங்கி
இதயமும் குடலும் வரும்.

தலைக்கு இடம் பிடித்த கலங்கள்
தலைக்குள் வருவதில்லை.
ஓரமாய்த் தள்ளுண்டு
உடம்பில் சேராத ஒரு பையின் சுவரில்
முடிந்துபோகின்றன.
இதை விளங்கப்படுத்தியபோது யூலியற் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த கிண்ணத்தை எடுக்கக் கொஞ்சம் நேரமெடுத்தாள்.

நாலாவதில் அவை நகரவே இல்லை.
புறப்பட்ட இடத்திலேயே குந்தியிருந்தன.
அந்தப் பதினொரு விநாடியா, என் கைநடுக்கமா,
அல்லது அதற்கு மனமில்லையா.
குறிப்பேட்டில் எழுதினேன்: இல. 4, அச்சு இல்லை.
மனமில்லை என்று எழுத நிரல் இல்லை.

இரவு ஏழு மணிக்குப் பெரியாஸ்பத்திரி.
மச்சாள் நிரோதினிக்கு முப்பத்தாறு கிழமை.
பிள்ளை இன்னும் தலைகீழாய்த் திரும்பவில்லையாம்.
அவளுக்கு அது பெரிய கவலையில்லை.
"கட்டில் வடக்கே தலை. மூன்று நாளாய்
வடக்கே தலை வைத்துக் கிடக்கிறன்,
நேர்சிட்டைச் சொல்லு, திருப்பச் சொல்லி."
நேர்ஸ் சுவரைக் காட்டினாள்:
ஒட்சிசன் குழாய், அழைப்பு மணி, எல்லாம் அந்தப் பக்கம்.
"கட்டில் திரும்பாது. ஆளைத் திருப்புங்கோ."

தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தேன்.
கையை நீட்டி, ஊன்றி, உடம்பை இழுத்து
வயிற்றைத் தாங்கித் தாங்கி
அவள் மறுபக்கம் வந்து சேர்ந்தாள்.
அரைமணி பிடித்தது போலிருந்தது.

பிறகு என் கையைப் பிடித்து விலாவின் கீழ் வைத்தாள்.
கெட்டியாய், உருண்டையாய்.
தலை.
திரும்பியிருந்தால் இப்போது அது வடக்கே இருந்திருக்கும்.
அவளுக்குச் சொன்னேன்.
தையல் போட்ட பக்கத்துக் கட்டில்காரி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
ஐயோ சிரிக்க வையாதேயுங்கோ என்று.