சுங்கம்

இன்சியான் விமான நிலையத்தில்
என் காலுறைக்குள்ளிருந்து
ஹாப்ஸ் பொட்டலம் வெளிவந்தது.
ஈஸ்ட் உறைகள் ஐந்து.
துவைக்காத சட்டையில் சுற்றிய திரவமானி,
டனீடனிலிருந்து உடையாமல்.

"மருந்தா?" என்றாள் அதிகாரி பான் மியோங்-ஒக்.
"பீர். இன்னும் ஆகவில்லை."
முகர்ந்தாள். தும்மினாள்.
பின்னால் வரிசை நெளிந்தது.

முத்திரைக் காகிதத்தின் பின்புறம்
ஏதோ கிறுக்கித் தந்தாள்.
அபராதம் என்றே நினைத்தேன்.
டாக்ஸிக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார்,
மீட்டரைப் போட்டார்.

சந்தில் கடைசிக் கடை.
பாசிப்பயற்று அடை எண்ணெயில் சீற,
நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தில்
கழுநீர் நிறத்தில் மக்கொல்லி.
கிம்ச்சி நாக்கைச் சுட்டது;
திரும்பவும் எடுத்தேன்.

மேசைக்கடியில் ஒரு ஜாடி
தனக்குள் முணுமுணுத்தபடி இருந்தது.
காகிதத்தைப் படித்த கடைக்காரர்
மூடியைத் தூக்கி,
என் பிடரியை மெல்ல அழுத்தினார்.

இம்முறை தும்மியது நான்.