முப்பத்தாறாவது கடிதம்

நொத்தாரிசு கேட்டது உறுதியின் மூலப்பிரதி.
வெள்ளவத்தை பிளாட்டை வாங்க வந்தவருக்கு
வெள்ளிக்கிழமைக்குள் வேணுமாம்.
மெல்பேணிலிருந்து அக்கா
மூன்று மணிக்கொருக்கால் எழுதுகிறாள்:
"ஆப்பிட்டுதா?"

அம்மாவின் அலுமாரி அடித்தட்டில் பிஸ்கட் தகரம்.
உப்புக்காற்றில் மூடி இறுகிப்போய்
கரண்டிக் காம்பால் நெம்பவேண்டியிருந்தது.
உள்ளே தண்ணீர் பில்கள்,
எனக்கு ஊசி போட்ட அட்டை,
பொலிஸ் பதிவுப் படிவம்,
அதில் எங்கள் நாலுபேரின் பெயரும்
நாலுவித எழுத்துப்பிழையோடு.
அதன்கீழ், றப்பர் பட்டி உருகி ஒட்டிய கட்டாக
ஸாம்பியாவிலிருந்து அப்பா எழுதிய வான்கடிதங்கள்.

நாற்பத்தொன்று. எண்ணினேன்.
ஒவ்வொன்றிலும் ஒரு சதுர ஓட்டை.

வான்கடிதத்தில் முத்திரை ஒட்டுவதில்லை,
தாளிலேயே அச்சடித்திருக்கும்.
வெட்டினால் பின்னால் இருக்கிற எழுத்தும் போகும்.
பத்து வயதில் எனக்கு இது தெரியும்.
தெரிந்துதான் வெட்டினேன்.
மீன்கழுகு, செப்புச் சுரங்கம், சோளக்கதிர்.
அதன் முதுகில் அப்பா என்ன சொல்லிக்கொண்டிருந்தார்
என்று யார் பார்த்தது!

"அன்பின் புவனேசுக்கு, இங்கே நல்ல மழை.
பெரியவளின் கணக்கு வாத்தியாருக்கு
சின்னவன் இருமல் குறையாவிட்டால்
என்னை நினைத்து நீ"

வசனங்கள் ஓட்டைவரை வந்து விழுகின்றன.
கண்ணை வைத்துப் பார்த்தால்
யன்னல், மரைன் டிரைவ், கடல்,
பாணந்துறைக்குப் போகிற ரெயிலில்
வாசலில் தொங்கும் மனிதர்கள்.

முப்பத்தாறாவதில் அப்பா
மழையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
"குவாட்டர்ஸ் கிடைத்துவிட்டது. மூன்று அறை.
பிள்ளைகள் இரண்டுபேரையும் கூட்டிக்கொண்டு
தைக்கு முன்னம் நீ"
ஓட்டை.
"யோசித்துப் பதில் போடு."

வா என்றாரா?
வரவேண்டாம், பொறு என்றாரா?

நாங்கள் போகவில்லை.
இரண்டு வருஷம் கழித்து அவர்தான் வந்தார்,
விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடும்
மரத்தில் செதுக்கிய ஒரு நீர்யானையோடும்.
ஏன் போகவில்லை என்று
அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

அல்பம் மேல்தட்டில்.
அப்போது நான் ஒட்டியது சோற்றுப்பசையால்.
கேத்திலைக் கொதிக்கவைத்து
ஆவியில் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
முதுகுகளில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து:
மருந்து.
வட்டி.
உன் நீலச்சே.
சிரி. அதற்குமேல் கத்தரி விடவில்லை.
மேசையில் துவாயை விரித்துக்
காயவைத்தேன், நாற்பது துண்டு.
முப்பத்தாறாவதைக் காணவில்லை.

அதன் இடத்தில்
ஒரு முக்கோண மொங்கோலிய ஒட்டகம்
இன்னும் பளபளவென்று நிற்கிறது.
பள்ளிக்கூடக் கன்ரீனுக்குப் பின்னால்
முஸம்மில் தந்தது.
பதிலுக்கு நான் கொடுத்தது
ஒரு மீன்கழுகு.

தெஹிவளையில் அவனுக்கு இப்போது டைல்ஸ் கடை.
போனில் சிரித்தான்:
"நாப்பத்தஞ்சு வருஷத்துக்குப் பொறகு
ஸ்டாம்ப திருப்பிக் கேக்கியா மச்சான்?"
தேடிப் பார்க்கிறேன் என்றான்.

காத்திருக்கையில் ஒன்று ஞாபகம் வந்தது.
கத்தரிக்கோல்
தையல் மெஷின் லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கும்.
திறப்பு அம்மாவின் இடுப்பில்.
கடிதத்தை இரண்டுதரம் வாசித்து முடித்த பிறகுதான்
எடுத்துத் தருவாள், நான் கெஞ்சினால்.
அந்த ஒருநாள் நான் கெஞ்சினேனா,
அல்லது அவளாகவே
"இந்தா, வெட்டு" என்று நீட்டினாளா?
கத்தரியின் குளிர் மட்டும் கையில் இருக்கிறது.

இரவு ஒன்பதரைக்குப் படம் வந்தது.
மீன்கழுகு. இடது ஓரம் கோணல்,
என் கைதான்.
"இதுதானே?"
ஓம் என்று போட்டேன்.
பின்பக்கத்தை எடுத்து அனுப்பு என்று எழுதி
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.
மேலே அக்காவின் செய்தி வந்து விழுகிறது:
"ஆப்பிட்டுதா?"

உறுதி அந்தத் தகரத்தின் அடியில்தான் கிடந்தது.
மத்தியானமே எடுத்துவிட்டேன்.